பிளாஸ்மா கட்டர்: கேமில் ஹீரோ, பட்டறையில் யார்?

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றாலே துப்பாக்கிதான் என்று பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். பெருமளவு அது உண்மையும்கூட. ராணுவ வீரர், போலீஸ்காரர், கூலிப்படை ஆள் என்று யாராவது ஒருவர் கையில் துப்பாக்கியுடன் ஓடிக்கொண்டே இருப்பார். எதிரில் வருபவர்களைச் சுட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் இன்னும் பெரிய துப்பாக்கி கிடைக்கும். இந்த வழக்கத்தை மாற்றி, ஒரு ரிப்பேர்காரரின் கையில் அவருடைய வேலைக் கருவியையே கொடுத்து அனுப்பிய கேம் ஒன்று உண்டு. அதன் பெயர் டெட் ஸ்பேஸ். அந்தக் கருவியின் பெயர் பிளாஸ்மா கட்டர்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வசிப்பது ஆவடியை அடுத்த வெள்ளானூரில். இங்கிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனால், நிஜமான பிளாஸ்மா கட்டர்கள் தகடு வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன்கள் பலருக்கு அந்தப் பெயர் அறிமுகமானது கேமில்தான். திரையில் அந்தக் கருவிக்குக் கிடைக்கும் மரியாதையில் கால் பங்குகூட, பட்டறையில் அதைப் பிடித்திருப்பவருக்கு நாம் கொடுப்பதில்லை. என் கருத்து இதுதான். கேம்ஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். முதலிலிருந்தே சொல்கிறேன்.

கதை என்ன?

டெட் ஸ்பேஸ் 2008 அக்டோபரில் வெளிவந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ரெட்வுட் ஷோர்ஸ் பிரிவு இதைத் தயாரித்தது. அந்தப் பிரிவு பிறகு விசரல் கேம்ஸ் என்று பெயர் மாறியது. பி.சி., பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய மூன்றுக்கும் கேம் கிடைத்தது.

கதை நடப்பது 26ஆம் நூற்றாண்டில். இஷிமுரா என்று ஒரு பிரமாண்டமான விண்கலம். கிரகங்களையே பிளந்து கனிமம் எடுக்கும் சுரங்கக் கப்பல் அது. அதிலிருந்து தகவல் தொடர்பு நின்றுபோகிறது. என்ன பழுது என்று பார்த்துச் சரிசெய்ய ஒரு சிறிய குழு போகிறது. அந்தக் குழுவில் இருக்கும் எஞ்சினியர்தான் நம் கதாநாயகன் ஐசக் கிளார்க். அங்கே போனால் கப்பலில் இருந்தவர்கள் செத்துக் கிடக்கிறார்கள். செத்தவர்கள் கை கால் நீண்ட கோரமான உருவங்களாக எழுந்து வருகிறார்கள். இவற்றுக்கு நெக்ரோமார்ஃப் என்று பெயர்.

கதாநாயகனின் பெயரில் ஒரு சுவையான செய்தி உண்டு. அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் இருவர் பெயரையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. இதில் கிளார்க் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. 1956இல் இலங்கைக்குக் குடியேறி, 2008 மார்ச்சில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். அவர் இறந்து ஏழு மாதத்தில் இந்தக் கேம் வெளிவந்தது.

ஐசக் சண்டை போடப் போனவர் அல்ல. அவரிடம் துப்பாக்கி கிடையாது. ஆரம்பத்திலேயே ஒரு வொர்க் பெஞ்சின்மேல் பிளாஸ்மா கட்டர் கிடக்கிறது. சுரங்க வேலைக்கான வெட்டும் கருவி. பக்கத்துச் சுவரில், கை கால்களை வெட்டு என்று யாரோ ரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் மொத்தக் கேமுக்கும் விதிமுறை.

கருவியின் சிறப்பு எங்கே இருக்கிறது?

மற்ற கேம்களில் தலையைக் குறிபார்த்துச் சுட்டால் எதிரி விழுந்துவிடுவான். பல வருடம் விளையாடியவர்களுக்கு அது கைப்பழக்கமாகவே ஆகியிருக்கும். டெட் ஸ்பேஸில் அந்தப் பழக்கம் உதவாது. தலை போனாலும் உருவம் வந்துகொண்டே இருக்கும். மார்பில் எத்தனை முறை சுட்டாலும் பயன் குறைவு. மூட்டைப் பார்த்து, கையையோ காலையோ துண்டிக்க வேண்டும். காலை வெட்டினால் வேகம் குறையும். கையை வெட்டினால் தாக்க முடியாது. எதை முதலில் வெட்டுவது என்று ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

பிளாஸ்மா கட்டர் இதற்கென்றே செய்தது போல இருக்கும். குறி வைக்கும்போது மூன்று ஒளிப் புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும். அந்தக் கோட்டில்தான் வெட்டு விழும். ஒரு பட்டனைத் தட்டினால் கருவியின் முனை சுழன்று, படுக்கைக் கோடு செங்குத்துக் கோடாக மாறும். காலை வெட்டப் படுக்கைக் கோடு, பக்கவாட்டில் நீட்டிய கையை வெட்டச் செங்குத்துக் கோடு. தையற்காரர் துணியைத் திருப்பிப் பார்த்து எங்கே கத்தரி வைப்பது என்று யோசிப்பாரே, அந்த யோசனைதான் இங்கே ஆட்டமாக இருக்கிறது.

பின்னால் வேறு ஆயுதங்களும் கிடைக்கின்றன. லைன் கன், சுழலும் பற்சக்கரத்தை வீசும் ரிப்பர், ஃபோர்ஸ் கன், காண்டாக்ட் பீம், தீ கக்கும் கருவி என்று ஒரு பட்டியலே உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சுரங்கத்திலும் பட்டறையிலும் பயன்படும் கருவிகளாகவே காட்டப்படுகின்றன. ராணுவத்துக்கென்று செய்த ஆயுதம் பல்ஸ் ரைஃபிள் ஒன்றுதான். ஆனாலும் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் கடைசிவரை பிளாஸ்மா கட்டரைக் கீழே வைப்பதில்லை. இந்த ஒரு கருவியை மட்டும் வைத்து முழுக் கேமையும் முடிப்பவர்களுக்குக் கன்சோல்களில் ஒன் கன் என்ற பெயரில் தனிப் பரிசே உண்டு.

முதலில் கையில் கிடைக்கும் எளிய பொருள், கடைசிவரை போதுமானதாக இருப்பது கேம்ஸ் உலகில் அபூர்வம். கேம் கம்பெனிகள் பொதுவாக நம் ஆசையைத் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். இதைவிடப் பெரியது அடுத்த லெவலில் இருக்கிறது என்பார்கள். இங்கேயும் கருவியை மேம்படுத்த வழி உண்டு. ஆனால் அதற்குக் கப்பலில் அங்கங்கே இருக்கும் வொர்க் பெஞ்சுக்குப் போய், பவர் நோடு என்ற பாகத்தைப் பொருத்தி, தானே சரிசெய்ய வேண்டும். தன் கருவியைத் தானே தீட்டிக்கொள்ளும் தொழிலாளியைப் பார்ப்பது போல இருக்கும்.

இதற்கு எதிர் உதாரணமும் இதே வரிசையில் இருக்கிறது. 2013இல் வந்த டெட் ஸ்பேஸ் 3இல் பாகங்களைச் சேர்த்து நீங்களே புதிது புதிதாக ஆயுதம் செய்துகொள்ளலாம். எல்லா ஆயுதத்துக்கும் ஒரே வகைக் குண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாடும்போது ஐசக் ரிப்பேர்காரராகத் தெரியவில்லை, ஆயுத வியாபாரியாகத் தெரிந்தார். பயமும் குறைந்துவிட்டது. 2017 அக்டோபரில் விசரல் கேம்ஸையே மூடிவிட்டார்கள். பிறகு மோட்டிவ் என்ற ஸ்டூடியோ முதல் கேமை அப்படியே புதிதாக எடுத்து 2023 ஜனவரி 27இல் வெளியிட்டது. அதிலும் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தது அதே பழைய பிளாஸ்மா கட்டரைத்தான்.

ரிப்பேர் வேலைதான் கதை

இந்தக் கேமை வெறும் ரத்தக் களரி என்று ஒதுக்குபவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஐசக் கேமில் செய்வதெல்லாம் என்ன? நின்றுபோன டிராம் வண்டியை ஓடவைக்கிறார். எஞ்சினுக்கு எரிபொருள் கிடைக்கச் செய்கிறார். விண்கற்கள் வந்து மோதாமல் காக்கும் அமைப்பைச் சரிசெய்கிறார். தகவல் தொடர்பு ஆன்டெனாவை ஒழுங்குபடுத்துகிறார். எல்லாமே ரிப்பேர் வேலை. மேலதிகாரிகள் ஒரு பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு, ஐசக், அங்கே போ, இதைச் சரிசெய் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவரும் போய்ச் செய்துகொண்டே இருப்பார். 2008 கேமில் ஐசக்குக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. வலித்தால் கத்துவார், அவ்வளவுதான். 2023 கேமில் அவருக்குப் பேச்சு கொடுத்தார்கள். நல்ல மாற்றம்.

தொழிற்சாலைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மிஷின் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரு ஆளைத்தான் தேடுவார்கள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் அவரை மறந்துவிடுவார்கள்.

கருவியே ஆயுதமாவது வேறு இடங்களிலும் உண்டு. 1986இல் வந்த ஏலியன்ஸ் திரைப்படத்தில் கதாநாயகி ரிப்ளி, சரக்கு தூக்கும் லோடர் மிஷினுக்குள் ஏறி நின்று ராட்சத உயிரினத்தோடு மோதுவார். 1998இல் வந்த ஹாஃப் லைஃப் கேமில் விஞ்ஞானி ஒருவர் கடப்பாரை போன்ற ஒரு நெம்புகோலோடு கிளம்புவார். நம் புராணத்தில் பலராமன் கையில் இருப்பது உழவரின் கலப்பை. பரசுராமன் கையில் இருப்பது மரம் வெட்டும் கோடாலி.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாம் கொண்டாடும் பண்டிகையின் பெயரே ஆயுத பூஜை. அன்றைக்கு அம்பத்தூர் பட்டறைகளில் லேத், டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். ஸ்பேனரும் சுத்தியலும் அன்று ஆயுதம்தான். வீட்டில் கம்ப்யூட்டர் மானிட்டருக்கும் பொட்டு வைக்கிறோம். ஆக, வேலைக் கருவியை ஆயுதம் என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. வருடத்தில் ஒருநாள் கருவிக்குக் கொடுக்கும் மரியாதையை, மற்ற நாளில் அதைப் பிடிக்கும் கைக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நிஜ பிளாஸ்மா கட்டர் எப்படி வேலை செய்கிறது?

என் அக்கா மகன் மெக்கானிகல் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். டெட் ஸ்பேஸை இரண்டு முறை முடித்தவன். ஒருநாள் என்னிடம், "மாமா, பிளாஸ்மா கட்டர்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான். மெக்கானிகல் படிக்கும் பையன் கேட்ட கேள்வி இது. மறுவாரமே அம்பத்தூரில் தெரிந்தவர் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே அவன் பார்த்ததை உங்களுக்கும் எளிமையாகச் சொல்கிறேன். திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளைப் பள்ளியில் படித்திருப்போம். வாயுவை மேலும் கடுமையாகச் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அந்த நான்காவது நிலைதான் பிளாஸ்மா. மின்னல் ஒரு பிளாஸ்மா. சூரியனும் பிளாஸ்மாதான். பிளாஸ்மா மின்சாரத்தைக் கடத்தும்.

பட்டறையில் ஒரு கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்புகிறது. டார்ச்சுக்குள் ஒரு எலக்ட்ரோடு, அதன் முன்னால் மிகச் சிறிய ஓட்டையுள்ள நாசில். எலக்ட்ரோடுக்கும் வெட்ட வேண்டிய தகட்டுக்கும் இடையே மின்பொறி பாய்கிறது. அதன் வழியே போகும் காற்று பிளாஸ்மாவாக மாறி ஊசி போல வெளியே வருகிறது. வெப்பம் சுமார் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். தகடு உருகுகிறது. உருகிய உலோகத்தை அதே காற்று ஊதித் தள்ளிவிடுகிறது. வெட்டு விழுந்துவிட்டது.

கேஸ் கட்டிங் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஆக்சிஜனில் இரும்பு எரிந்து வெட்டு விழுகிறது. சாதாரண இரும்புக்கு அது போதும். எவர்சில்வரும் அலுமினியமும் அந்த முறைக்குப் பணியாது. பிளாஸ்மாவுக்கு அந்தத் தடை இல்லை. மின்சாரம் கடத்தும் உலோகமாக இருந்தால் போதும், வெட்டும். 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் இந்த முறை உருவானது. ராபர்ட் கேஜ் என்பவர் 1957இல் இதற்குப் பேடண்ட் பெற்றார்.

கேமில் சரி எது, தவறு எது?

என் அக்கா மகன் முதலில் கேட்டது, இதை வைத்துத் தூரத்தில் இருப்பதை வெட்ட முடியுமா என்பதுதான். பட்டறையில் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, எர்த் மாட்டலன்னா இது தகட்டையே ஒழுங்கா வெட்டாது" என்றார். வெட்ட வேண்டிய தகட்டில் எர்த் கிளாம்ப் மாட்டினால்தான் மின்சுற்று முழுமையாகும். டார்ச்சின் முனையும் தகடும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் பொறி அறுந்துவிடும். கேமில் ஐசக் அறையின் அந்தக் கோடிவரை வெட்டுகிறார். அது கற்பனை.

அடுத்தது பாறை. இஷிமுரா சுரங்கக் கப்பல் என்பதால் அங்கே இருக்கும் கட்டர் பாறைக்கும் கனிமத்துக்கும் ஆனது. நம் பட்டறையில் இருக்கும் சாதாரண வகையால் பாறையை வெட்ட முடியாது. பாறை மின்சாரம் கடத்தாது. 26ஆம் நூற்றாண்டில் வேறு வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கேம் சரியாகச் சொன்னதும் உண்டு. வெட்டு ஒரு கோடாக விழுகிறது என்பது சரி. குறி தப்பினால் பொருள் வீண் என்பதும் சரி. கேமில் குண்டு குறைவாகக் கிடைக்கும், கண்டபடி சுட முடியாது. பட்டறையிலும் நாசிலும் எலக்ட்ரோடும் தேயும் பொருள்கள். காற்று பிளாஸ்மாவுக்கான எலக்ட்ரோடின் முனையில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பதித்திருக்கும். தகட்டில் நாசிலை இடித்தால், ஈரக் காற்றை அனுப்பினால், சீக்கிரம் போய்விடும். ஒவ்வொன்றும் காசு. கை நடுங்காமல், ஒரே வேகத்தில் இழுக்கத் தெரிய வேண்டும். மெதுவாக இழுத்தால் அடியில் கசடு ஒட்டும். வேகமாக இழுத்தால் அடிவரை வெட்டாது. அந்த அண்ணன் இழுத்த கோட்டைப் பார்த்து என் அக்கா மகன் வாயடைத்துப் போனான். கேமில் அவன் மவுஸை வைத்து அப்படி ஒரு கோடு இழுத்ததில்லை.

ஹெல்மெட் யாருக்கு?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஐசக்கின் உருவத்தை ஒருமுறை பாருங்கள். தலையிலிருந்து கால்வரை உலோகக் கவசம். முகத்தை முழுதும் மூடிய ஹெல்மெட். கண்ணுக்கு நேரே நீல ஒளி வரும் கோடுகள். அவருடைய உடல்நிலை முதுகில் ஒரு விளக்குக் கம்பியாகத் தெரியும். உயிர் குறைந்தால் விளக்கும் குறையும். ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பாதுகாப்பு!

இப்போது நம் சாலையோரப் பட்டறைகளைப் பாருங்கள். ரப்பர் செருப்பு. மடித்துக் கட்டிய கைலி. கண்ணுக்குச் சாதாரணக் கூலிங் கிளாஸ், சில இடங்களில் அதுவும் இல்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டுகிறார்கள். பிளாஸ்மா பொறியிலிருந்து புற ஊதாக் கதிர் வருகிறது. அது கண்ணின் மேற்பகுதியைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. வெல்டிங்குக்கென்று ஷேடு எண் போட்ட கண்ணாடிதான் போட வேண்டும். எவர்சில்வர் வெட்டும்போது வரும் புகையில் குரோமியம் சேர்ந்திருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. இதற்கு மேல் காதைத் துளைக்கும் சத்தம். வெல்டிங் செட்டைவிட அதிக வோல்டேஜ் வேறு.

கருவி ஆயுதமாக மாறுவதைப் பற்றிக் கேமில் பேசுகிறோம். நிஜத்தில் அது இப்படித்தான் மாறுகிறது. எதிரில் இருப்பவரை அது வெட்டுவதில்லை, கையில் பிடித்திருப்பவரையே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. முகக் கவசம், கையுறை, ஷூ, புகையை வெளியேற்றும் ஃபேன் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலையோடு பார்த்தால் கொஞ்சம்தான். பெரிய தொழிற்சாலைகளில் இதெல்லாம் கட்டாயம் என்கிறார்கள். சின்னப் பட்டறைகளில் கேட்பார் இல்லை. வேலை கொடுக்கும் நாமும் கேட்பதில்லை. கேட் எப்போது ரெடியாகும் என்று மட்டும் கேட்கிறோம்.

மரியாதை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் பகுதியைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதே காலத்தில் வந்ததுதான். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் பயிற்சி ஓராண்டுதான். ஆனாலும் ஒரு வீட்டில் பையன் வெல்டர் ஆகப் போகிறேன் என்றால், ஏதோ இழவு விழுந்தது போலப் பார்க்கிறார்கள். அதே பையன் ஹாலில் உட்கார்ந்து பிளாஸ்மா கட்டரை வைத்து நெக்ரோமார்ஃபை வெட்டினால், கெட்டிக்காரன் என்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு

முதலில் பெற்றோர்களுக்கு. டெட் ஸ்பேஸ் குழந்தைகளுக்கான கேம் அல்ல. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தித்தான் விற்கிறார்கள். சினிமாவுக்குக் கொடுக்கும் தணிக்கைச் சான்றிதழ் போல நம் ஊரில் கேம்ஸுக்குக் கிடையாது. எனவே பெட்டியிலோ கடைப் பக்கத்திலோ இருக்கும் வயது எண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கருவி நல்லது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரவில் தூங்கமாட்டான்.

அடுத்து, வயது வந்த ஆட்டக்காரர்களுக்கு. 2008 கேம் இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டருக்குச் சுமையே இல்லை. ஹார்ட் டிஸ்கில் 7 ஜி.பி. அளவு இடம் போதும். 2023 கேமுக்கு 50 ஜி.பி. இடம், 16 ஜி.பி. ராம், தனியாக ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. மதர்போர்டோடு வரும் கிராபிக்ஸை நம்பி வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள். விளையாடினால் ஹெட்போன் போட்டு விளையாடுங்கள். ஒலி அமைப்புக்கும் இசைக்கும் பாஃப்டா விருது வாங்கிய கேம் இது.

கடைசியாக, எல்லோருக்கும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு வேலைக் கருவிதான். கேமில் பிளாஸ்மா கட்டரை ஓட்டும் அதே கம்ப்யூட்டர், நிஜ பிளாஸ்மா கட்டரையும் ஓட்ட உதவும். பல பட்டறைகளில் இப்போது சி.என்.சி. பிளாஸ்மா டேபிள் இருக்கிறது. வரைபடத்தைக் கொடுத்தால் டார்ச் தானாக நகர்ந்து அதன்படி வெட்டும். அந்த வரைபடத்தை நீங்களே வரையலாம். லிப்ரேகேட், ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் மூன்றும் இலவச சாஃப்ட்வேர்கள். இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். முதலில் ஒரு சின்னப் பொருளாக ஆரம்பியுங்கள். வீட்டு எண் பலகை போதும். அளவுகளை மில்லிமீட்டரில் வையுங்கள். எண்களை அவுட்லைனாக மாற்றுங்கள். 0, 4, 6, 8, 9 போன்ற எண்களின் நடுப்பகுதி தனியாக விழுந்துவிடும் என்பதால், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் பாலம் விடுங்கள். கோடுகள் எங்கும் விட்டுப்போகாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டி.எக்ஸ்.எஃப். ஃபைலாக சேவ் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

அங்கே வெட்டித் தருபவரிடம் தகட்டின் கனம் என்ன போடலாம், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேளுங்கள். வெட்டுக்கோட்டின் அகலம் எவ்வளவு போகும் என்பது உங்கள் சாஃப்ட்வேரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வரைபடத்தில் தப்பிருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். என் அக்கா மகன் வரைந்து கொண்டுபோன முதல் பலகையில் பாலம் இல்லாமல் எட்டு என்ற எண் இருந்தது. டேபிளில் ஏற்றுவதற்கு முன்பே அந்த அண்ணன் பிடித்துவிட்டார். அவன் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே போகிறான். முதல் நாளே அவர் அவனுக்குக் கொடுத்தது ஷேடு கண்ணாடி. அதை அவர் தனக்கும் வாங்கிக்கொண்டது, அவன் கேட்ட பிறகுதான்.

ஆகவே நண்பர்களே, கேமில் ஐசக்கை ரசியுங்கள், தப்பில்லை. அடுத்தமுறை வீட்டு வேலைக்கோ கேட் செய்யவோ பட்டறைக்குப் போகும்போது, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், "அண்ணே, கண்ணாடி போட்டுக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அட்வான்ஸோடு ஒரு கண்ணாடிக்கும் பணம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.